மாஹிம் கடற்கரையில் பிலாக்கணம்

1

மூன்று மாதத்துக்கு முந்தின இதழில் பம்பாய்ச் செய்திகள் எழுதுகிறவர் என் அண்ணாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். மூன்றாவது மாடி மாமி கொண்டுவந்து படித்துக் காட்டினாள். நானே எழுத்துக்கூட்டிப் படிப்பேன், மாமிக்குத்தான் பொறுமை இல்லை. கிரேக்க பாஷை படித்த தமிழர், காலேஜில் வாத்தியாராக இருந்தவர், மாதுங்காவில் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது, அவர் தமிழில் செய்த புத்தகம் மாதுங்கா கடைகளில் கிடைக்கிறது என்று போட்டிருந்தது.

எழுதினவர் நல்ல மனிதர். முதல் மூன்று வரியில் தப்பு ஒன்றும் இல்லை. நாலாவது வரியை நம்பி ஊரிலிருந்து யாராவது பணவிடை அனுப்பினாலும், இங்கே வந்து கடை கடையாக ஏறி இறங்கினாலும் வீண் அலைச்சல். அந்தப் புத்தகம் கடையில் இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. இந்தப் பூமியில் எங்கேயாவது ஒரு பிரதி இருந்தால் அது சீமையில், தமிழ் தெரியாத ஒருவருடைய பெட்டிக்குள் இருக்கும். ஏன் அப்படி ஆயிற்று என்று முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நானே எழுதுகிறேன். என்னை இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

2

எங்கள் ஊர் மாயவரத்துக்குப் பக்கம். அண்ணா திருச்சிராப்பள்ளியில் பாதிரிமார் காலேஜில் படித்தார். அங்கே ஒரு கிழப் பாதிரியார் இவருடைய புத்தியைப் பார்த்து, வேறு பையன்கள் யாரும் தொடாத கிரேக்கத்தை இவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்பா பயந்தே போனார். பையன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிடுவானோ என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் எதிலும் சேரவில்லை. பூணூலும் சந்தியும் கடைசிவரை இருந்தன. அந்தப் பாதிரியார் எழுதிக்கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் பம்பாய் வந்தார், கோட்டைப் பக்கத்தில் ஒரு காலேஜில் வேலை கிடைத்தது. மன்னி இரண்டு நாள் ஜுரத்தில் போனபோது பிள்ளை சந்துருவுக்கு நாலு வயசு. நான் அதற்கு முன்பே தாலியிழந்து பிறந்த வீட்டில் இருந்தேன். அண்ணா வந்து கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு வந்தவள்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பார்கள், உன் அண்ணா படிக்கிற கிரேக்கம் எதற்கு உதவும் என்று. எனக்கும் முதலில் தெரியவில்லை. பிறகு அவரே சொன்னார். அந்தத் தேசத்தில் செத்தவர்களுக்குக் கல் நட்டு, அதில் ஒரு பாட்டு வெட்டிவைப்பார்களாம். கல்லே பேசுகிற மாதிரி இருக்குமாம். தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு, கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போ, நான் இன்னார், இப்படிப் போனேன் என்று சொல்லுமாம். கோட்டை கொத்தளம் கட்டிய ராஜாக்கள் பாட்டையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, இந்தக் கல் பாட்டுகளைத்தான் அண்ணா வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தார். உப்பு ஏற்றிப்போய் முழுகின படகுக்காரன், கல்யாணத்துக்கு முதல் வாரம் போன பெண், எஜமானுக்கு முந்திச் செத்த அடிமை, ஒரு நாய்கூட உண்டு. இவற்றைத் தமிழில் செய்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி ஒரு புத்தகம் போடவேண்டும். அது ஒன்றுதான் அவர் வேண்டிக்கொண்டது.

அதற்கு என்னை வைத்துக்கொண்டார். எழுதினதை எனக்கு வாசிப்பார். நான் முகத்தைச் சுளித்தால் அந்த வரியை அடித்துவிடுவார். பெரிய பண்டிதர்கள் மாதுங்காவில் இருக்கிறார்களே, அவர்களிடம் காட்டக்கூடாதா என்றேன். "தர்மு, இந்தக் கல்லெல்லாம் தெருவிலே போறவனுக்கு வெச்சது. உனக்குப் புரியலேன்னா கல்லு மேலே தப்பு இல்லே, என் தமிழ் மேலேதான் தப்பு" என்றார்.

ஆனால் எல்லாம் சாவுச் சேதி. காதில் விழுந்தால் முழுக்குப் போடாமல் எப்படி இருப்பது. அவாள் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, தீட்டெல்லாம் எப்பவோ போச்சு என்று சொல்லிப்பார்த்தார். எனக்கு இன்றைக்குத்தானே சேதி வந்தது என்றேன். பம்பாயில் குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். செத்த ஆளுக்கு ஒரு ஸ்நானம் என்றால் கட்டுப்படி ஆகாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். விடிந்ததும் நான் குளிப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் அவர் வாசிக்கலாம். குளித்து மடி கட்டிக்கொண்ட பிறகு ஒருவரும் சாகக்கூடாது. விளக்கு வைத்த பிறகு அந்தப் பேச்சே கூடாது. இருபது வருஷம் அப்படித்தான் நடந்தது.

3

யுத்த காலத்தில் ரேஷன் வந்ததும் கார்டுக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். அண்ணா சந்துருவோடு போய் வரிசையில் நின்றார். என்ன வேலை என்று குமாஸ்தா கேட்க, இவர் கிரீக் என்று சொல்ல, அந்த மனிதர் அதைத் தேசத்துக்கு நேராக எழுதிவைத்துவிட்டார். கார்டு வந்தது. அரிசிக்கு இடமில்லை, கோதுமைதான். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "சாஹேப், கிரீக் லோக் சாவல் நை காத்தா" என்று குமாஸ்தாவே இவருக்குப் புத்தி சொன்னாராம், கிரேக்கர்கள் அரிசி சாப்பிட மாட்டார்கள் என்று. மூன்று தடவை நடந்து, காலேஜ் கடுதாசி காட்டி, பூணூலையும் காட்டி, அரிசி வாங்க ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் எதிர் வீட்டுக்காரர்கள்தான் அரிசி கொடுத்தார்கள். "பாதிரியாராலே முடியாததைக் குமாஸ்தா பண்ணிட்டான், நான் கிரேக்கனாயிட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அந்த வருஷம் அவர் சிரித்தது அதற்கு மட்டும்தான். ஆனி மாதம் காலேஜ் திறந்தபோது கிரேக்கத்துக்கு ஒரு பையன்கூடச் சேரவில்லை. முந்தின வருஷம் இரண்டு பார்ஸிப் பையன்கள் இருந்தார்கள், அவர்கள் என்ஜினீயரிங் போய்விட்டார்கள். பிரின்ஸிபால் வெள்ளைக்காரர், மரியாதையாகத்தான் சொன்னாராம். வேலையை எடுக்கவில்லை, லைப்ரரிச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். மணி அடித்ததும் பழைய வகுப்புக்குப் போய், முக்கால்மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவாராம். சந்துருவின் சிநேகிதன் ஒருத்தன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

சொந்தப் பிள்ளைக்காவது சொல்லிக்கொடுத்தாரா என்றால், சந்துருவுக்கு ஏழு வயசில் கிரேக்க எழுத்து எழுதிக் காட்டினார். ஒரு வாரம் எழுதிவிட்டு ஓடிவிட்டான். தமிழ் எழுத்து யாரும் காட்டவில்லை. வீட்டில் பேசுகிற பாஷைதானே, தானாக வந்துவிடும் என்று நானும் இருந்தேன், அவரும் இருந்தார். இங்கிலீஷ் பள்ளிக்கூடம், தெருவில் இந்தி, மராத்தி. என்னிடம் தமிழில் பேசுவான். படிக்க வராது. இங்கே இருக்கிற முக்கால்வாசிப் பிள்ளைகள் இப்படித்தான். நீங்கள் ஊரில் இருந்துகொண்டு நம்ப மாட்டீர்கள்.

4

வகுப்பு போன பிறகு புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்று வேகம் வந்தது. எல்லாவற்றையும் வெண்பாவாகச் செய்தார். தமிழ்ப் பண்டிதர் ஒருவர் வந்து கேட்டுவிட்டு ஆஹா ஆஹா என்றார். நான் கொட்டாவி விட்டேன். பண்டிதர் போனதும் அண்ணா அந்தக் கத்தையை அப்படியே கிழித்தார். சாவுக்கு இது பாஷை இல்லை, பொம்மனாட்டிகள் அழுகிற பாஷை வேண்டும் என்றார்.

தாராவியில் தென்பாண்டிச் சீமை ஜனங்கள் நிறைய. அங்கே ஒரு சாவு என்று கேள்விப்பட்டு நோட்டும் பென்சிலுமாகப் போனார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்களாம். இவர் ஓரமாக நின்று எழுத ஆரம்பித்திருக்கிறார். ஒரு கிழவி மாரில் அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாளாம். "ஐயா, நீங்க துட்டி கேக்க வந்தியளா, படியெடுக்க வந்தியளா? எழுதி முடிங்க, அதுவரைக்கும் அழாம இருக்கோம்" என்றாளாம். துட்டி என்றால் அவர்கள் பக்கத்தில் சாவுத் துக்கம். எல்லாப் பெண்களும் அழுகையை நிறுத்திவிட்டு இவர் முகத்தையே பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்து வாசலில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் என்னைக் கேட்டார். எங்கள் அம்மா பிலாக்கணத்தில் பெரிய கை. ஒப்பாரிக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு அது. சுற்றுவட்டத்தில் பெரிய சாவு என்றால் அம்மாவுக்கு ஆள் வரும். அம்மா ஒரு அடி எடுத்தால் கல் நெஞ்சும் கரையும். அது முழுக்க எனக்கு வரும். இந்தப் பம்பாயில் அதை அறிந்தவள் நான் ஒருத்தி என்று அவருக்கும் தெரியும்.

உயிரோடு மனுஷா இருக்கிற வீட்டில் பிலாக்கணம் பாடக்கூடாது. பாடினால் அது ஒரு ஆளைத் தேடும். நான் மாட்டேன் என்றேன். ஒரு வருஷம் கேட்டார். ஒரு வருஷமும் மாட்டேன் என்றேன். சிறுபெண்ணாக இருந்தபோது விளையாட்டாகப் பாடி அம்மாவிடம் சூடு வாங்கியிருக்கிறேன்.

ஒருநாள் காலை வாசிக்கும்போது, சொன்ன கல்லையே மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவையும் அதையே சொன்னார். பக்கம் திருப்பவில்லை. கண்ணில் புரை விழுந்து எழுத்து மறைந்துவிட்டது, ஞாபகத்திலிருந்து சொல்லிக்கொண்டு, என்னிடம் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார். "ஞாயித்துக்கிழமை மாஹிம் போலாம். சமுத்திரக் கரையிலே யாரோட வீடும் இல்லே" என்றேன்.

கார்த்திகை தொடங்கி மாசிவரை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் நடந்தே போவோம். மாஹிம் கரையில் மீன்காரர்களின் படகுகளுக்கு அப்பால் ஒரு கருங்கல். அதில் உட்கார்ந்துகொண்டு அம்மா பாடினதையெல்லாம் பாடினேன். புருஷனுக்கு, பிள்ளைக்கு, அண்ணன் தம்பிக்கு, பிரசவத்தில் போனவளுக்கு. அவர் மூக்குக்கு நேராக நோட்டைப் பிடித்துக்கொண்டு பெரிய பெரிய எழுத்தாக எழுதுவார். திரும்பிச் சொல்லு என்பார். பிலாக்கணத்தைத் திருப்பிச் சொல்வது கஷ்டம், அது போன வழியே போகும். ஒருநாள் கோலி ஜாதி மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள். பாட்டு நின்றதும், யார் போனது என்று மராத்தியில் கேட்டாள். அண்ணா தன் ஓட்டை மராத்தியில், இப்போது ஒருவரும் இல்லை அம்மா, ரொம்ப நாள் முன்னால் வேறு தேசத்தில் போனவர்கள் என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது, உங்களுக்கு வீட்டில் வேலையே இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பாடி முடித்ததும் அங்கேயே சமுத்திரத்தில் முழுகி, ஈர நார்மடிப் புடவையோடு மாதுங்காவரை நடந்து வருவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அந்த வருஷம்தான் புத்தகம் ஆயிற்று. அம்மாவின் மெட்டு, அம்மா அடி எடுக்கிற தினுசு, அதற்குள் கிரேக்கர்களின் சாவு. உப்புப் படகுக்காரனை முதலில் செய்து வாசித்தார். என் பெயரை வெட்டினவனுக்கு எழுத்து வராது, தப்பாக இருந்தால் நீ சரியாகச் சொல்லிவிட்டுப் போ என்று அந்தக் கல் கேட்கும். நான் பல்லில் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

5

காகிதத்துக்குப் பர்மிட் வேண்டும். யுத்தம் முடிந்தும் அந்தச் சட்டம் முடியவில்லை. எத்தனை ஆபீஸ் ஏறினார் என்று எழுதினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. கடைசியில் தாராவிப் பக்கத்து அச்சுக்கூடக்காரர் தன்னிடம் மிஞ்சியிருந்த வைக்கோல் காகிதத்தில் இருநூறு பிரதி போட்டுக்கொடுத்தார். வைகாசியில் கைவண்டியில் வந்து இறங்கிற்று. பத்துக் கட்டு. அண்ணா ஒவ்வொரு கட்டையும் தடவிப் பார்த்தார்.

அதே வாரம் சந்துருவுக்கு ஜாதகம் பொருந்தி, தாதரிலிருந்து பெண் வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இதற்கு மேல் எழுதுவதற்குத்தான் இத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இருநூறு பிலாக்கணத்தை ஆத்துக்குள்ளே அடுக்கிண்டு நிச்சயதார்த்தம் பண்ண முடியாது" என்று நான் சொன்னேன். கல்யாணம் முடிகிறவரை பின்பக்கத்து நடையில் இருக்கட்டும் என்றேன். எங்கள் கட்டடத்தில் பின்பக்கம் ஒரு திறந்த நடை உண்டு. கரி மூட்டையும் பழைய பாத்திரமும் அங்கேதான் கிடக்கும். "எங்கே வெக்கணுமோ வெய்" என்றார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேனா என்று எத்தனையோ தடவை யோசித்தாயிற்று. விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

என்னைமட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அண்ணா ஒரு பிரதியை இங்கே இருக்கிற தமிழ்ச் சபா செக்ரட்டரிக்குக் கொடுத்தார். மறுநாளே திரும்பி வந்தது. ஆத்துக்காரி வீட்டுக்குள் வைக்கவிட மாட்டேன் என்கிறாளாம். புஸ்தகக் கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, நாலு பேர் நல்ல காரியத்துக்குப் பஞ்சாங்கம் வாங்க வருகிற இடம், மன்னிக்கணும் என்றார். பிரின்ஸிபால் ஒருவர்தான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் அந்த மாதமே சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவருக்குக் கிரேக்கம் தெரியும், தமிழ் தெரியாது. அண்ணா தனக்கென்று ஒன்றும் எடுத்துவைக்கவில்லை. இவ்வளவு இருக்கிறதே என்று இருந்துவிட்டார்.

கல்யாணம் ஆனியில், ஊரில். எல்லோரும் போய்விட்டோம். கட்டுகளின்மேல் கோணியும் பழைய ஜமக்காளமும் போட்டு, செங்கல் வைத்துவிட்டுத்தான் போனேன். பம்பாய் மழை எனக்குத் தெரியாதா. அந்தத் தடவை மேல்மாடிக் குழாய் உடைந்து, அவர்கள் வீட்டு மழைத் தண்ணீர் முழுக்க எங்கள் நடையில் இறங்கியிருக்கிறது. பன்னிரண்டு நாள் கழித்துப் புது மாட்டுப்பெண்ணோடு வந்து ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துவிட்டு, பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஜமக்காளத்தைத் தூக்கினால் அதோடு புத்தகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. வைக்கோல் காகிதம், ஊறவைத்த அவல் மாதிரி ஆகிவிட்டது. கையில் எடுத்தால் விரல் இடுக்கில் வழிந்தது.

அண்ணா மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து நகத்தால் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார். கண்ணும் தெரியாது. அச்சுக்கூடத்துக்கு ஆள் போய்க் கேட்டதற்கு, கோத்த ஈய எழுத்தையெல்லாம் எப்போதோ பிரித்துப் பெட்டியில் போட்டாயிற்று, கையெழுத்துத் தாளைப் புரூப் முடிந்ததும் பசை காய்ச்சுகிற அடுப்பில் போடுவதுதான் வழக்கம் என்றார்கள். மாஹிம் நோட்டும் அந்தக் கட்டோடுதான் அவர்களிடம் போயிருந்தது.

என்னிடம் அவர் சொன்னது இதுதான். "இது புதுசில்லே தர்மு. கிரேக்காள் ஏட்டிலே எழுதினதும் இப்படித்தான் போச்சு. கல்லு மாத்திரம்தான் நின்னது." என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னார். நான் சமாதானமாகவில்லை, இன்றைக்கும்.

6

தை பிறந்ததும் ஒருநாள், மறுபடியும் மாஹிம் போலாமா என்று கேட்டார். நீ பாடினால் எனக்கு எல்லாம் திரும்பி வந்துடும், நான் சொல்லச் சொல்ல யாராவது எழுதினால் போதும் என்றார். மாட்டுப்பெண்ணுக்கு அப்போது ஆறாம் மாதம். வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது நான் எந்தக் கரையில் பாடிவிட்டு வந்தாலும் அந்த வாயோடுதானே உள்ளே நுழையவேண்டும். "குழந்தை பொறக்கட்டும் அண்ணா, சித்திரைக்கு மேலே போலாம்" என்றேன். சரி என்றார்.

மாசியில் போய்விட்டார். காலையில் காப்பி கொண்டுபோனால், எழுந்திருக்கவில்லை.

பம்பாயில் ஒரு சாவு எத்தனை சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியாது. பத்து மணிக்குள் டாக்டர் சீட்டு, முனிசிபல் சீட்டு, ரேஷன் கார்டில் பெயர் அடிக்க ஒரு சீட்டு. நடுப்பகலுக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்கென்று அம்மா பாடுகிற பாட்டு நெஞ்சுவரை வந்துவிட்டது. சந்துரு குனிந்து என் கையைப் பிடித்தான். "அத்தை, அவ வாயும் வயிறுமா உள்ளே இருக்கா. பிளீஸ், சத்தம் வேண்டாம்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நான் இத்தனை வருஷம் சொன்னதைத்தான் அவன் எனக்குச் சொன்னான். வாயை மூடிக்கொண்டேன். முன்பின் தெரியாத தேசத்துப் படகுக்காரனுக்கும் அடிமைக்கும் மாஹிமில் உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடினவள், கூடப்பிறந்தவரை ஒரு அடி பாடாமல் அனுப்பினேன்.

குழந்தை சித்திரையில் பிறந்தது. பிள்ளை. நன்றாக இருக்கிறான்.

7

அண்ணாவுக்கு வருஷாப்திகம், முதல் வருஷத் திதி, முடிந்த மறுநாள் இந்தப் பத்திரிகை வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சந்துரு கேட்டான். சொன்னேன். புத்தகம் கிடைக்கும் என்றா போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஆபீஸ் போனான். சாயங்காலம் ஒரு நோட்டோடு வந்தான். அவனுக்கும் உள்ளே ஏதோ அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்பா இருந்தவரை அந்தப் புத்தகத்தை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"அத்தை, உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. இருபது வருஷம் கேட்டிருக்கேள். சொல்லுங்கோ, நான் இங்கிலீஷ் எழுத்திலே எழுதிக்கறேன், அப்புறம் ஆபீஸிலே டைப் அடிச்சுடலாம்" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுப்பெண்ணையும் குழந்தையையும் தாதருக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னான். அண்ணா கேட்டபோது எனக்குத் தோன்றாத யோசனை அது.

முதல் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். உப்புப் படகுக்காரனைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு விஷயம் தெரியும். அவன் என்ன சொன்னான், எந்த இடத்தில் அண்ணா குரலைத் தாழ்த்துவார், எல்லாம் தெரியும். மெட்டும் வந்தது. ஆனால் மெட்டு வந்ததும் அதில் அம்மா வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டாள்.

பட்டுப்பாய் விரிச்சிருக்கு, பந்தியிலே எலையிருக்கு,
கட்டினவர் வரக்காணோம், கைகழுவ நீரிருக்கு.

அவன் எழுத ஆரம்பித்துவிட்டான். நிறுத்தச் சொல்ல நினைத்தேன். மறுபடி படகுக்காரனுக்காக மெட்டை எடுத்தேன். மறுபடி அம்மாதான். அண்ணா அந்த அச்சில் வார்த்தார், அச்சு என்னிடம் இருக்கிறது, வார்த்தது இல்லை. நாயின் கல், கல்யாணப் பெண்ணின் கல், எதை எடுத்தாலும் எங்கள் ஊர்ச் சாவு வீடுதான் வந்தது.

சந்துரு பென்சிலை நிறுத்தி, "இது யாரோட கல்லு, அத்தை?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். அண்ணாவின் முகம்தான், அந்த வயசில்.

"ஒரு வர்த்தகனோட பொண்டாட்டி. புருஷன் கடல்லே போயிட்டான்" என்றேன்.

அதையும் மேலே எழுதிக்கொண்டான். நாலு ஞாயிற்றுக்கிழமையில் நோட்டு நிறைந்தது. ஒவ்வொன்றுக்கும் யாருடைய கல் என்று கேட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைச் சொன்னேன். படகுக்காரன், அடிமை, மருத்துவச்சி, வேலியில் செத்துக் கிடந்த காவல்காரன். சிலவற்றுக்கு அண்ணா சொன்ன ஆட்கள், சிலவற்றுக்கு நானே சொன்ன ஆட்கள். எழுதி முடித்ததைத் திரும்பப் படித்துக்காட்டினான். அவன் வாயில் நம் பாஷை கல்லும் முள்ளுமாக வந்தது. "அப்பா இவ்வளவு நன்னா எழுதுவாரா, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

ஆபீஸில் மூன்று பிரதி டைப் அடித்து, தோல் அட்டை போட்டு, அப்பா பெயரைத் தங்க எழுத்தில் போட்டான். ஒன்றைக் காலேஜ் லைப்ரரியில் கொடுத்தான். கிரேக்க அலமாரியில் வைத்து நம்பர் போட்டுவிட்டோம் என்று அவர்கள் எழுதிய கடிதத்தை என்னிடம் வாசித்துக் காட்டினான். அங்கே இப்போது கிரேக்கம் படிக்கிறவன் யாரும் இல்லை, தமிழ் படிக்கிறவனும் இல்லை. மாயவரத்துப் பிலாக்கணம் அங்கே இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்து இது வேறு என்று சொல்ல ஒருவர் வரமாட்டார்.

அவனிடம் நான் சொல்லப்போவதில்லை. யாரிடமாவது சொல்லியாகவேண்டும் என்றுதான் இங்கே எழுதினேன். இந்த இதழ் தபாலில் வந்ததும் சந்துருதான் உறையைக் கிழிப்பான். அத்தை எழுதினது வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவான். அப்பா பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்பான். ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டுவேன்.